புளி போட்டுத் துலக்கிய வெள்ளி

வழக்கு விசாரிக்கிற கச்சேரியில், பாஷை பெயர்த்துச் சொல்கிற துபாஷி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு முதலில் ஒரு செய்தி. அங்கே உங்களுக்கு நாற்காலி கிடையாது. துரைக்கு உண்டு. துரையின் விருந்தாளிக்கும் உண்டு. வழக்கோடு வந்த ஜனங்கள் தரையில் உட்காரலாம். துபாஷி மட்டும் நிற்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் நடுவே, இரண்டு பக்கத்து எச்சிலும் மேலே தெறிக்கிற தூரத்தில். கால் வலிக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்ந்தவன் என்று நான் சொல்லிக்கொண்டால் என் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆனாலும் உண்மை அதுதான். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பாஷையைப் படித்தவனுக்கு இனி இந்த ஊரில் வேலை இல்லை. இங்கிலீஷ் படித்த உங்களுக்குத்தான். நான் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கப்போகிறீர்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்பதை நீங்களே தேறிக்கொள்வீர்கள். அதற்கு என் உதவி வேண்டாம். ஆனால் ஒரு சொல் கையில் வந்து விழுந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைக்கிற நேரம் ஒன்று எல்லோருக்கும் வரும். எனக்கு வந்த அந்த நேரத்தைச் சொல்கிறேன்.

நான் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள். நைனா என்னைப் பாதிரியார் பள்ளியில் விட்டது படிப்பின் மேலிருந்த ஆசையால் அல்ல. படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். "கடலுக்கு ஆவாதவன், கச்சேரிக்காவது ஆவானா பாக்கலாம்" என்று கொண்டுபோய் விட்டார். குப்பத்தில் இதைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார்கள்.

என் அக்கா அஞ்சலையின் புருஷன் எல்லப்பன், என் மாமா, பெரியவலைக்குச் சொந்தக்காரர். பெரியவலை என்றால் கரையிலிருந்து போட்டு, முப்பது நாற்பது பேர் சேர்ந்து கரைக்கே இழுக்கிற வலை. ஒருநாள் காலை இழுக்கும்போது வலை வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது. ஏதோ பெரிய சுறா என்று எல்லோருக்கும் வாய் ஊறியது. வந்தது ஒரு மரப்பெட்டி. உடைத்துப் பார்த்தால், ஊறி நாறிப்போன வைக்கோலுக்குள்ளே பளபளவென்று சாமான்கள். வளைந்த மூக்கு வைத்த ஒரு கெண்டி, மூடி போட்ட ஒரு சிமிழ், காது வைத்த சின்னக் குவளை ஒன்று, அகலமான கிண்ணம் ஒன்று, உடையாமல் மிஞ்சிய சில கோப்பைகள். வெள்ளியைப் போல மின்னின. தூக்கிப் பார்த்த யாருக்கும் அது வெள்ளி என்று தோன்றவில்லை. தட்டினால் சட்டிச் சத்தம். பளபளக்கிற சட்டி, அவ்வளவுதான்.

வலையில் வந்தது எதுவானாலும் பங்கு போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மீன் என்றும் பெட்டி என்றும் அதில் பேதமில்லை. படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, எல்லையம்மனுக்கு ஒன்று, மீதி இழுத்த கைகளுக்கு. பெட்டியில் வந்தது தேத்தண்ணீர், அதாவது தேயிலைத் தண்ணீர், ஊற்றிக் குடிக்கிற சாமான்; அதைப் பிரித்தால் அது சாமானே இல்லை என்று உலாந்தாக்காரர் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஜனத்துக்கு அது எப்படித் தெரியும்? தேத்தண்ணீரையே அவர்கள் கண்டதில்லை. கெண்டி அம்மன் பங்குக்குப் போயிற்று. அதன் மூக்கு வழியாகப் பால் ஒரே சீராக விழுகிறதென்று பூசாரிக்குப் பரம சந்தோஷம். காதுக் குவளை வலைப் பங்கில் அக்காவுக்கு வந்தது. கைக்குழந்தைக்குப் பால் புகட்ட அதைவிட வாகான சாமான் வேறு உண்டா? சிமிழில் ஒருத்தி மஞ்சள் வைத்தாள். அகலக் கிண்ணத்தில் வலை பின்னுகிற நூலும் ஊசியும் கிடந்தன. கோப்பைகள் விளக்கெண்ணெய்க்கும் உப்புக்கும் போயின. ஒரு மாதத்துக்குள் அவை எப்போதுமே குப்பத்தில் இருந்தவை போலாகிவிட்டன.

அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி ஒருத்தி ஊரிலேயே இருந்தாள்.

இடிந்த கோட்டைக்குப் பின்னால் சுண்ணாம்படித்த வீட்டில் ஒரு துரைசானியம்மா இருந்தார். உலாந்தாக் கம்பெனியில் கணக்கராயிருந்து செத்துப்போனவரின் மனைவி. இங்கேயே பிறந்து, இங்கத்து ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவர். நிறத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் எங்கள் குப்பத்துக்காரி என்றே சொல்வீர்கள். அக்கா தினமும் அந்த வீட்டு வாசலில் இறால் விற்பாள். இரண்டு பேரும் பேரம் பேசுவது தெருவுக்கே வேடிக்கை.

"இன்னா அஞ்சலை, நேத்து புடிச்ச இறாலா, முந்தாநாள் புடிச்சதா?"

"மோந்து பாரும்மா. உன் மூக்குக்கு இன்னா கொறச்சல்?"

ஒருமுறை இறால் கெட்டுப்போயிருந்தது என்று அந்த அம்மா அக்காவைத் தெருவில் வைத்துத் திட்டிவிட்டார். மறுநாள் அக்கா அந்த வாசலை மிதிக்காமல் கடந்து போனபோது, அவரே வெளியே ஓடிவந்து, தெருவே கேட்கும்படி, "உன் மேல தப்பில்ல அஞ்சலை, என் குசினிக்காரன் சமைக்காம வெயில்ல வெச்சிட்டான்" என்று சொன்னார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். கடல் தாண்டி ஜாவாவில் இருக்கிற பத்தாவியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தம் பிள்ளைக்கு அந்தப் பெண்ணைப் பேசியிருந்தார். உலாந்தாக்காரர் வழக்கத்தில் பெண் தன் தேத்தண்ணீர்ச் சாமானோடு புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். நம் பெண்கள் குத்துவிளக்கும் குடமும் கொண்டுபோகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களை உட்காரவைத்து அந்தக் கெண்டியிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் விதத்தில்தான் அந்த வீட்டின் மானம் இருக்கிறது. இதற்கு முன்பும் ஒருமுறை இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களில் அந்த அம்மா தம் வீட்டு வெள்ளியையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டிருந்தார். அது யாருக்கும் தெரியாது. மகளுக்கென்று சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு சாமான் வரவழைத்தார். வெள்ளிச் சாமான் என்று சம்பந்தி வீட்டுக்குச் சொன்னார். அது கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி அலையில் வரும்போது படகு கவிழ்ந்து கடலுக்குப் போயிற்று.

அழுதாராம். ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் இருந்ததாம்; பிறகு அவரே என்னிடம் சொன்னார். கடலுக்குள் போன வெள்ளியை யார் உரசிப் பார்க்கப்போகிறார்கள்?

அதைத்தான் என் மாமாவின் வலை இழுத்துக் கரையில் போட்டது.

எல்லையம்மன் திருவிழாவுக்குப் போன கச்சேரிச் சேவகன் ஒருவன், மீன்காரர் சாமிக்கு வெள்ளிக் கெண்டியில் பால் ஊற்றுகிறார்கள் என்று வந்து சொன்னான். கடலில் போன துரைசானியம்மாவின் சாமான் அதுதான் என்று துரைக்கு விளங்கிவிட்டது. அவர் உலாந்தாவிலிருந்து புதிதாக வந்தவர், தமிழில் ஒரு சொல் தெரியாது. நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். சம்பந்திப் பெரியவர் அவருடைய வீட்டில்தான் தங்கியிருந்தார். விருந்துச் சாப்பாட்டின்போது, அந்த அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்கள் வெள்ளியை நான் மீட்டுத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று அந்த அம்மா எந்த வாயால் சொல்வார்?

உத்தரவு என் வழியாகத்தான் குப்பத்துக்குப் போனது. யாரும் முணுமுணுக்கவில்லை. சொந்தக்காரர் இல்லாத பொருளுக்குத்தானே பங்கு. சொந்தக்காரர் வந்துவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். அதுவும் துரைசானியம்மாவுடையது என்றதும் அக்காவே வீடு வீடாகப் போய்ச் சேகரித்தாள்.

ஆனால் அடுத்தவர் பாத்திரத்தைத் துலக்காமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் குப்பத்தில் கிடையாது. வெறுமையாகக் கொடுப்பதும் கிடையாது. அக்கா கொல்லையில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் நுணுக்கிய கிளிஞ்சலும் போட்டு, கல்யாண அண்டாவைத் தேய்க்கிற வேகத்தில் தேய்த்தாள். அத்தனை நாள் உப்பில் ஊறிக் கிடந்த சாமான். தேய்க்கத் தேய்க்க மினுக்கு போய்க்கொண்டே இருந்தது. அழுக்குத்தான் போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கடைசியில் எல்லாம் நல்ல பழுப்பு நிறத்துக்கு வந்து நின்றன. சுத்தமாகிவிட்டது என்று துடைத்து வைத்தாள். கெண்டியை மட்டும் அவள் தொடவில்லை. அம்மன் பாத்திரம், பூசாரிதான் தொடவேண்டும். அவர் தண்ணீர் விட்டு அலம்பி, பொட்டு வைத்து, ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார்.

இப்போது கச்சேரிக்கு வாருங்கள். மேசையின் நடுவில் குங்குமப் பொட்டோடு மின்னுகிற கெண்டி. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் மண் சாமான்கள். மேசைக்குப் பின்னால் துரை, அவருக்குப் பக்கத்தில் சம்பந்திப் பெரியவர், ஓரத்து நாற்காலியில் துரைசானியம்மா. எதிரில் மாமாவும், இடுப்பில் குழந்தையோடு அக்காவும், பூசாரியும், குப்பத்துப் பெரியவர்கள் சிலரும். நடுவில் நான்.

துரை சிமிழின் மூடியைத் திறந்தார். உள்ளே சென்னாக்குன்னிக் கருவாடு. வாசனை எழுந்து கச்சேரி முழுக்கச் சுற்றியது.

"இது என்ன?"

"பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை, ஐயா" என்றேன்.

"வழக்கம் இருக்கட்டும். வெள்ளி எங்கே?"

பெயர்த்துச் சொன்னேன். மாமா கையை விரித்தார். "இதான் சாமி. வலையில வந்தது இதுதான். ஒண்ணு கூடுதலும் இல்ல, கொறவும் இல்ல."

துரை கெண்டியைக் காட்டினார். பொட்டு வைத்த சாமிப் பாத்திரம் என்பதால் அதை அவர் தொடவில்லை. "இது வெள்ளி. இதோடு வந்தவை மட்டும் எப்படி மண்ணாயின? சாமிக்குப் பயந்து இதை விட்டுவிட்டு மற்றதை உருக்கிவிட்டீர்கள். அதே அச்சில் குயவனிடம் மண்ணில் செய்து கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறீர்கள்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளி என்று சொன்னது அவருடைய சொந்த ஜனத்தில் ஒரு கண்ணியமான பெண்மணி. கண் எதிரே ஒன்று மின்னுகிறது, மற்றவை மின்னவில்லை. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் வேறு என்ன நினைத்திருப்பேன்?

அவர் தீர்ப்பைச் சொன்னார். வெள்ளி வந்து சேரும்வரை எல்லப்பன் காவல் கொட்டடியில் இருக்க வேண்டும். மூன்றாம் நாளும் வராவிட்டால் வலையும் படகும் ஏலத்துக்குப் போகும்.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் மாமா. என் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்திருந்தது அவருக்கு.

சொன்னேன். அந்த வலையை நம்பித்தான் முப்பது வீட்டில் உலை வைக்கிறார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? என் குரல் நடுங்காமல் சொன்னேன். அதற்குத்தான் அங்கே சம்பளம்.

சேவகன் மாமாவின் தோளில் கை வைத்தான். அக்கா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா ஞாயம் இது? நான்தான் தேச்சேன், என் கையால! தேச்சேன், பளபளப்பு போச்சு. நான் இன்னா தின்னுட்டனா அத்த? உருக்கிட்டோமாம்! மீன் கொழம்பு வெக்கிற அடுப்புல வெள்ளிய உருக்குவாங்களா? அந்தக் கெண்டிய இப்பிடிக் குடு. இங்கியே, உங்க கண்ணெதிர்லயே, புளி போட்டுத் தேச்சிக் காட்டறேன். அதும் மண்ணா இல்லையான்னு பாத்துக்குங்க. ஜல்தி ஒரு உருண்டை புளி கொண்டாரச் சொல்லுடா தம்பி!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரத்து நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. துரைசானியம்மா எழுந்துவிட்டார். துரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, எங்கள் தமிழில், இறால் வாங்குகிற அதே தமிழில் சொன்னார்:

"வேணாம் அஞ்சலை. தேய்க்காத. எனக்குத் தெரியும், அது மண்ணுதான். மேல முலாம். எல்லாமே மண்ணுதான். இந்தாளு எதிர்ல சொல்லிட்டா என் பொண்ணு வாழ்க்கை நாஸ்தி ஆயிடும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

எதிரில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்தது. மாமாவுக்கு, பூசாரிக்கு, சேவகனுக்கு, எனக்கு. அந்த அறையில் புரியாதவர்கள் இரண்டே பேர். தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர். யாருக்குத் தெரியக்கூடாதோ அவர் இன்னொருவர்.

"இரண்டு பெண்களும் என்ன சொன்னார்கள்?" என்று துரை என்னிடம் கேட்டார்.

தம்பிமார்களே, நான் சொன்ன அந்த நேரம் இதுதான். வேலையில் சேர்ந்தபோது நான் செய்த சத்தியத்தை நீங்களும் செய்யப்போகிறீர்கள். கேட்டதில் ஒன்றும் கூட்டமாட்டேன், ஒன்றும் குறைக்கமாட்டேன் என்று. அந்தச் சத்தியப்படி நான் உடனே பெயர்த்தால் மாமா அப்போதே வெளியே வந்துவிடுவார். ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சீறினாள். "சொல்லேண்டா! கேட்டியா இல்லியா? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அந்த ஒரு மூச்சுக்குள் என்னென்னவோ நினைத்தேன் என்று இப்போது அளக்கலாம். உண்மையில் ஒன்றுதான் மனதில் வந்தது. கெட்டுப்போன இறால். மறுநாள் தெருவில் ஓடிவந்து, எல்லோரும் கேட்க, தப்பு தன் வீட்டுடையது என்று சொன்ன அந்த அம்மா. அவர் பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு மனுஷனைக் கொட்டடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடிக்கிறவர் அல்ல. இதே விஷயம் என் வாயிலிருந்து வந்தால் அவர் பிடிபட்டவர். அவர் வாயிலிருந்து வந்தால் உண்மையைச் சொன்னவர். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது நான் எளிதில் தாண்டிவிடக்கூடிய தூரம். அவருக்காக நான் தாண்டக்கூடாத தூரமும் அதுதான்.

துரையிடம் சொன்னேன். "ஐயா, மீன்காரப் பெண், தன் வார்த்தையை இந்த மேசையிலேயே புளி போட்டுத் தேய்த்து நிரூபிக்கத் தயார் என்கிறாள். அம்மா அவளுக்குப் பதில் சொன்னார்கள். அம்மாவுக்கு உங்கள் பாஷை என்னைவிட நன்றாகத் தெரியும். தம் பதிலை அவர்களே சொல்வதுதான் முறை. அவர்கள் சொல்லி முடித்ததும், நான் கேட்டதோடு அது பொருந்துகிறதா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். உண்மையைச் சொல்ல அவருக்குக் கதவைத் திறந்து வைத்தேன், ஆனால் பொய் சொல்லித் தப்பி ஓடுவதற்கு வழி வைக்கவில்லை.

குழந்தை மேசையிலிருந்த பால் குவளையைப் பார்த்துவிட்டு அதற்காகக் கையை நீட்டிச் சிணுங்கியது. பழுப்பாகிப் போனாலும் அதற்கு அடையாளம் தெரிந்தது. துரைசானியம்மா குழந்தையைப் பார்த்தார், மாமாவின் தோளில் இருந்த சேவகனின் கையைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து கெண்டியை எடுத்தார். இத்தனை நேரம் யாரும் எடுக்காத கெண்டி. விரலால் அதன் வயிற்றைத் தட்டினார். சட்டிச் சத்தம்.

"இது மண்" என்று உலாந்தா பாஷையில் சொன்னார். "இங்கிலாந்தில் மண்ணில் செய்து, மேலே மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிச் சுடுகிறார்கள். அந்தப் பூச்சுகூட வெள்ளி அல்ல என்கிறார்கள். தேய்த்தால் போய்விடும். அஞ்சலை தேய்த்திருக்கிறாள், போய்விட்டது. இங்கே ஒரு சாமானும் குறையவில்லை. என் வீட்டில் வெள்ளி இல்லை, ஐயா. வெகு நாளாக இல்லை. பொய் சொன்னது நான். இந்த ஜனங்கள் அல்ல."

துரை சிவந்துபோய் என்னைப் பார்த்தார். "பொருந்துகிறதா?"

"பொருந்துகிறது, ஐயா. நான் கேட்டதைவிட அதிகமாகவே சொல்லிவிட்டார்கள்."

இப்போது எல்லோருடைய கண்ணும் சம்பந்திப் பெரியவர் மேல். எங்கள் ஜனங்கள்கூட மாமாவை மறந்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கையை நீட்டி ஒரு பழுப்புக் கோப்பையை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். விளக்கெண்ணெய் வைத்திருந்த கோப்பை அது. திருப்பிப் பார்த்தார், விளிம்பை விரலால் தடவினார்.

"என் மாமியார் வீட்டில் நிஜமான வெள்ளிக் கோப்பைகள்" என்றார். "இருபது வருஷம் அதில் குடித்தேன். ஒவ்வொரு முறையும் வெள்ளி சுட்டு உதடு வெந்துபோகும். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மனைவி போன பிறகு முதல் வேலையாக அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிச் சாமானோடு மருமகள் வருகிறாள் என்று கேட்டதிலிருந்து, ஐயோ, மறுபடியும் இருபது வருஷமா என்று..."

முடிக்காமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு என்றால் வயிறு குலுங்குகிற சிரிப்பு.

"இன்னாடா, இன்னாத்துக்கு சிரிக்கிறாரு?" என்று அக்கா என் முதுகில் குத்தினாள்.

சொன்னேன். "கல்யாணம் இன்னும் கீதா, இல்ல போச்சா?" என்றாள். அதையும் பெயர்க்கச் சொன்னாள். பெயர்த்தேன், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். பெரியவர் எழுந்து, துரைசானியம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, சாயங்காலம் தேத்தண்ணீருக்குத் தாம் வரலாமா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை, தம் கோப்பையை மட்டும் நன்றாக அலம்பித் தரவேண்டும்.

சேவகன் கையை எடுத்தான். மாமா அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டார். அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. துரை தம் பங்குக்கு மேசையைச் சுற்றி வந்து மாமாவின் எதிரில் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "வலை பத்திரமாக இருக்கட்டும்" என்றார். அதைவிடப் பெரிய மன்னிப்பு ஒரு துரையின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பூசாரிதான் கொஞ்சம் தயங்கினார். அம்மனுக்குப் போன கெண்டி மறுபடி மனுஷருக்கு வரலாமா என்று அவருக்குச் சந்தேகம். "அம்மன் இன்னா தேத்தண்ணியா குடிக்கப்போவுது? குடுத்துட்டு வாய்யா" என்று அக்கா தீர்த்து வைத்தாள்.

வீட்டுக்கு மணலில் நடந்து போகும்போது அவள் என்னை விடவில்லை.

"அந்தம்மா வாயத் தொறக்கலன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"நான் சொல்லியிருப்பேன்."

"எப்போ? வலை ஏலம் போனப்புறமா?"

"அதுக்கு முன்னாடியே. இன்னும் ஒரு மூச்சு பாத்துட்டு."

"ஒரு மூச்சாம்! எனக்கு மூச்சே நின்னுபோச்சுடா பாவி." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு, "ஆனா சொல்லிட்டாங்க பாத்தியா. எனக்குத் தெரியும், சொல்லிடுவாங்கன்னு" என்றாள். கச்சேரியில் என்னைக் கொழுக்கட்டை என்றவள்தான் இவள்.

இதையே எப்போதும் செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். தெரியாத ஒருவருக்காக ஒரு மனுஷனின் வலையைப் பணயம் வைத்துக் காத்திருந்தால் அது கருணை இல்லை, சூதாட்டம். உங்களிடம் நியாயம் கேட்டு வருகிறவர்களைக் கச்சேரிக்கு வெளியேயும் அறிந்துவையுங்கள். எந்த வாசலில் மீன் விற்கிறார்கள், எப்படிப் பேரம் பேசுகிறார்கள், தப்பு நடந்தால் மறுநாள் என்ன செய்கிறார்கள் என்று. மேசைக்கு முன்னால் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது.

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் பாதி மின்னுகிற, பாதி மங்கிய சாமானோடு பத்தாவியாவுக்குக் கப்பலேறினாள். தாயும் கூடவே போய்விட்டார். போவதற்கு முன்தினம் அவருடைய குசினிக்காரன் குப்பத்துக்கு வந்து, ஒரு துணி மூட்டையை அக்காவிடம் கொடுத்தான். உள்ளே அந்தப் பால் குவளை. குவளை நிறைய, விளிம்பு வரைக்கும், சர்க்கரை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராத வழக்கத்தை எங்கள் ஊரில் பிறந்தவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

"ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றான் குசினிக்காரன்.

"இன்னாவாம்?"

"புளி போடக்கூடாதாம்."

அக்கா அந்தக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதின் உட்பக்கத்தில், அவள் விரல் நுழைய முடியாத இடத்தில், ஒரு நகமளவு இன்னும் பளபளவென்றிருந்தது. "இந்த எடத்த விட்டுட்டேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே, தண்ணீரை மட்டும் விட்டு அலம்பிக் கவிழ்த்து வைத்தாள்.